தோட்டத்துப் பிள்ளையும் தராசும்

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், மழையென்றும் இருளென்றும் பாராமல் அதனைத் தோளிலிட்டுக்கொண்டு வைத்தியசாலையை நோக்கி ஓடாத தாய் நிவித்திகலப் பகுதித் தோட்டங்களில் ஒருத்தியும் இல்லை. அன்றைய வேலை போயிற்றே என்று அவள் கணக்குப் பார்ப்பதில்லை. கையில் காசில்லையெனில் காதில் கிடப்பதை அடகு வைக்கவும் தயங்குவதில்லை. ஆனால் அதே தாயிடம், பிள்ளை ஓடியாடி விளையாடும் ஒரு நல்ல நாளில், அதனைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் நிறை பார்த்து வருமாறு சொன்னால், அவள் சற்று வியப்போடுதான் நோக்குவாள். நோயில்லாத பிள்ளைக்கு வைத்தியம் எதற்கு என்பது அவளுடைய கேள்வி.

அக்கேள்வியை அறியாமையென்று ஒதுக்குவது எளிது. படித்தவர்கள் பெரும்பாலும் அவ்வாறே ஒதுக்கிவிடுகின்றனர். உண்மையில் அது நியாயமான கேள்வி. வைத்திய சாத்திரமே நெடுங்காலம் நோயாளியை மட்டும் பார்த்து வந்தது. நோயற்ற குழந்தையை ஒழுங்காக வரவழைத்துப் பார்க்கும் வழக்கம் மிகப் பிந்தியது. பாரிஸ் நகரில் பியேர் புதேன் என்னும் மருத்துவர், 1892ஆம் ஆண்டில் சாரித்தே வைத்தியசாலையில், பிள்ளை பெற்றுச் சென்ற ஏழைத் தாய்மாரைக் குழந்தையுடன் மீண்டும் மீண்டும் வரச் செய்து, குழந்தையை நிறுத்துக் குறித்துவைக்கும் முறையைத் தொடங்கினார். குழந்தை செத்தபின் காரணம் தேடுவதைவிட, அது தேயத் தொடங்கும்போதே கண்டுகொள்வது மேலென்பது அவர் கண்ட வழி. இன்று உலகெங்கும் நடைபெறும் குழந்தை நலக் கிளினிக்குகளுக்கு மூதாதை என்று கூறத்தக்கவற்றுள் அதுவும் ஒன்று.

இலங்கையில் இம்முறை நிலைபெற்றது 1926ஆம் ஆண்டின் பின்னராகும். அவ்வாண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தாதி, வீடு வீடாகச் செல்லும் மருத்துவ மாது என்ற அந்த ஏற்பாடே பின்னர் நாடெங்கும் பரவியது. மருத்துவ மாது இன்று குடும்ப சுகாதார உத்தியோகத்தர் என்று அழைக்கப்படுகிறார். பெயர் நீண்டதேயன்றி வேலை குறையவில்லை. பிரசவமான முதற் பத்து நாட்களுக்குள் இருமுறை வீட்டுக்குச் சென்று பார்க்க வேண்டும். பின்னரும் செல்ல வேண்டும். மாதந்தோறும் கிளினிக்கில் பிள்ளைகளை நிறுக்க வேண்டும். ஊசிகளுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அத்தனையும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

நிவித்திகல, இரத்தினபுரிக்குத் தெற்கே கலவானைப் பக்கமாகச் செல்லும் பாதையில் உள்ளது. நுவரெலியாவைப் போல மலைக்கு மலை தேயிலையாகத் தொடரும் நாடன்று இது. தாழ்நிலத் தேயிலை ஒரு புறம், றப்பர் ஒரு புறம், வயல்களிலே மாணிக்கக் குழிகள், இடையிடையே சிங்களக் கிராமங்கள். தமிழ்த் தொழிலாளர் வாழும் லயங்கள் தீவுகளைப் போலச் சிதறிக் கிடக்கின்றன. மழையோ ஆண்டில் பெரும்பகுதி பெய்கிறது. மேட்டு லயத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்கி, அங்கிருந்து பேருந்துக்குக் காத்திருந்து கிளினிக்குக்குப் போய் வருவதென்றால், கைக்குழந்தையோடு அது அரைநாட் பயணம். இதனை வரைபடத்தில் பார்ப்போர் உணர்வதில்லை. அதில் தூரம் சிறு விரலளவே தோன்றும்.

மேலைநாடுகளில் இத்தகைய பரிசோதனைகளிலிருந்து விலகிக்கொள்ளும் பெற்றோரைப் பற்றி அடிக்கடி பேசப்படுகிறது. அங்கே விலகுதல் என்பது அறிவித்துச் செய்யும் காரியம். இங்கிலாந்தில் 1853இல் அம்மை குத்துதல் சட்டத்தினால் கட்டாயமாக்கப்பட்டது. அதனை எதிர்த்து லெஸ்ரர் நகரில் 1885இல் பெருந்திரளானோர் ஊர்வலம் சென்றனர். ஈற்றில் 1898ஆம் ஆண்டுச் சட்டம், மனச்சான்றின் பேரில் மறுக்கும் பெற்றோருக்கு விலக்களித்தது. இன்றும் அந்நாட்டில் சிறு பிள்ளைகளைப் பார்வையிட வரும் சுகாதாரத் தாதியை வேண்டாமென்று சொல்லப் பெற்றோருக்கு உரிமை உண்டு. நிவித்திகலையிலோ எவரும் வேண்டாமென்று சொல்வதில்லை. மருத்துவ மாது நாளைக் குறிப்பிட்டால் தலையசைப்பார்கள். அந்த நாள் வரும்; பிள்ளை வராது. மறுப்பு ஏடுகளில் பதிவாவதுமில்லை, அதற்கு மறுமொழி கூறப்படுவதுமில்லை.

இவ்விடத்தில் ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். தோட்டப் பெற்றோர் தடுப்பூசிக்குப் பகைவரல்லர். பிறந்தவுடன் கசநோய்க்கெதிரான ஊசி. 2, 4, 6 மாதங்களில் தொண்டைக்கரப்பன், குக்கல், ஈர்ப்புவலி முதலிய ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசியும் போலியோச் சொட்டும். 9 மாதத்தில் சின்னமுத்து முதலிய மூன்றுக்கான ஊசி. 12 மாதத்தில் யப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு. 18 மாதத்தில் மீண்டும் ஒன்று. பின்னர் 3 வயதிலும் 5 வயதிலும் இன்னும் சில. இவற்றைத் தோட்டத்துத் தாய்மார் மிகப் பெரும்பாலோர் தவறாமல் பெற்றுக்கொள்கின்றனர். நாட்டில் கடைசியாக ஒரு பிள்ளையைப் போலியோ தாக்கியது 1993இல். அதன் பெருமையில் தோட்டத்துத் தாய்க்கும் பங்குண்டு.

அச்சம் எழுந்த காலமும் உண்டு. 2008 ஜனவரியில் ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி நாட்டில் அறிமுகமானது. ஊசி பெற்ற சில குழந்தைகள் இறந்தமையால் ஏப்பிரலில் அது நிறுத்திவைக்கப்பட்டது. விசாரணை நடந்தது, நிபுணர் ஆராய்ந்தனர், 2010இல் அவ்வூசி மீண்டும் வழங்கப்படலாயிற்று. பெற்றோரின் அச்சத்தை நகைக்காமல், நிறுத்தி, ஆராய்ந்து, பின் தொடர்ந்த அந்த முறை பாராட்டுக்குரியது. ஊசியிலுள்ள நம்பிக்கை இன்றுவரை குலையாதிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் எனலாம்.

ஆகவே தோட்டங்களில் காணப்படும் விலகல் ஊசியிலிருந்தன்று, தராசிலிருந்து. ஊசிக்கு வரும் தாய் தராசுக்கு வருவதில்லை. ஊசி ஒன்றைத் தருகிறது. பிள்ளை அழுதாலும் ஏதோ பெற்று வந்த நிறைவு தாய்க்கு இருக்கிறது. தராசு தருவது ஓர் எண்ணை மட்டுமே. முதல் ஒன்பது மாதங்கள் ஊசிகள் நெருங்கி வருவதால் நிறையும் தானாகவே பார்க்கப்பட்டுவிடுகிறது. பதினெட்டாம் மாத ஊசிக்குப் பின் அடுத்த ஊசி மூன்று வயதில். இடையிலுள்ள ஒன்றரை ஆண்டில் பல பிள்ளைகள் கிளினிக்கின் பக்கமே வருவதில்லை. இரண்டு வயது வரை மாதந்தோறும், அதன்பின் ஐந்து வயது வரை மூன்று மாதத்துக்கொரு முறையும் நிறை பார்க்க வேண்டுமென்பதே நாட்டின் விதி.

அந்த எண்ணால் என்ன பயன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மூன்று கிலோகிராம் நிறையுடன் பிறந்த பிள்ளை ஏறத்தாழ ஐந்து மாதத்தில் ஆறு கிலோ ஆகிறது. ஓராண்டில் ஒன்பது கிலோ. அதுவரை வளர்ச்சி கண்ணுக்கே தெரியும். சட்டை ஒவ்வொன்றாகச் சிறிதாகிவரும். இரண்டாம் ஆண்டில் நிலைமை வேறு. அந்த ஆண்டு முழுவதிலும் பிள்ளை கூடுவது ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரைக் கிலோ. மாதமொன்றுக்கு 200 கிராம் அளவு. ஒரு கோப்பைத் தேநீரின் பாரம் அது. ஒரு மாதம் அந்த 200 கிராம் கூடியதா கூடவில்லையா என்பதை எந்தத் தாயின் கண்ணும் கண்டுகொள்ள முடியாது. தினமும் தூக்கி வளர்க்கும் கைக்கு அது இன்னும் தெரியாது. தாய்ப்பால் மட்டும் போதாமற்போய் உணவு தொடங்கும் ஆறாம் மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள காலமே பிள்ளைகள் தளரும் காலம் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. சோறும் பருப்புத் தண்ணீரும், அல்லது ரொட்டியைத் தேநீரில் தோய்த்தும் கொடுப்பதால் வயிறு நிறைகிறது. பிள்ளை அழுவதில்லை. அழாத பிள்ளை நலமான பிள்ளையென்று வீடு எண்ணிக்கொள்கிறது.

இதற்காகவே பிள்ளைகளின் சுகாதாரப் பதிவேடு, ஆண் பிள்ளைக்கு நீலமும் பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்புமாகத் தாயின் கையிற் கொடுக்கப்படுகிறது. அதனுள்ளே வளர்ச்சிக் கோட்டுப் படம் உண்டு. மாதந்தோறும் நிறையைப் புள்ளியாக இட்டுப் புள்ளிகளை இணைத்தால் கோடு பிறக்கிறது. இத்தகைய படத்தைத் தாயின் கையிலேயே கொடுக்கும் வழக்கத்தைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் டேவிட் மோர்லி என்னும் ஆங்கில மருத்துவர். 1950களின் பிற்பகுதியில் நைஜீரியாவின் இமெசி இலே என்ற கிராமத்தில் அவர் அதனைக் கையாண்டார். படத்தில் முக்கியமானது பிள்ளையின் புள்ளி எந்த நிறப் பட்டையில் நிற்கிறது என்பதைவிட, கோடு மேலே செல்கிறதா, படுத்துவிட்டதா என்பதே. சிறிய உடலோடு பிறந்த பிள்ளையின் கோடு தாழ்ந்திருப்பினும் ஏறிக்கொண்டிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளையின் கோடு மூன்று மாதம் படுத்துக் கிடந்தால் கவனிக்க வேண்டும். ஒரு புள்ளியைக் கொண்டு கோடு கீறவியலாது. ஆறு மாதத்துக்கொருமுறை வரும் பிள்ளையின் படம் ஏதும் பேசாமல் இருப்பது இதனாலேயே.

பேசாத படங்களின் விளைவு நாடளாவிய கணக்கெடுப்பில் வெளிப்படுகிறது. 2016ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்குரிய உயரம் எய்தாதோர் 17.3 வீதம்; தோட்டத்துறையில் மட்டும் 31.7 வீதம். மூன்று பிள்ளைகளுள் ஏறக்குறைய ஒருவர். இக்குறைக்குத் தராசுக்கு வராமை காரணமென்று கூறுவது மூடத்தனம். காரணம் உணவும் வருவாயும் நீரும் வீடும், தாய் தானே சிறுவயதில் பெறாத போசணையும் ஆகும். ஆனால் இரண்டு வயதுக்குள் இழந்த உயரத்தைப் பின்னர் மீட்பது அரிது. அந்த இரண்டு வயதுக்குள் இழப்பைக் காட்டித்தரக்கூடிய மலிவான கருவி தராசொன்றே.

நிறையோடு பார்க்கப்படும் ஏனையவையும் அற்பமானவையல்ல. குழந்தை ஒளியைத் தொடர்ந்து பார்க்கிறதா, ஓசைக்குத் திரும்புகிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா, இருதய ஒலி சீரானதா, இடுப்பெலும்பு மூட்டிலே சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்பனவெல்லாம் அங்கே கவனிக்கப்படுகின்றன. ஆறு மாதத்துக்கொருமுறை உயிர்ச்சத்து ஏ வழங்கப்படுகிறது. காது கேளாமை ஆறு மாதத்தில் தெரியவந்தால் பேச்சு வருவதற்குரிய வழி செய்யலாம். ஆறு வயதில் தெரியவந்தால் வழி குறுகிவிடும். பாடசாலையில் முதலாம் வகுப்பிலே, சொன்னதைச் செய்யாத மந்தபுத்திக்காரன் என்று பின்வாங்கில் இருத்தப்படும் பிள்ளைகளுள் எத்தனை பேர் சரியாகக் கேளாதவர்களென்பதும், எத்தனை பேர் கரும்பலகையைக் காணாதவர்களென்பதும் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நாளிலேயே சில வேளைகளில் தெரியவருகிறது. ஐந்து ஆண்டுகள் போனபின் வரும் அந்தத் தெளிவால் ஆசிரியருக்கு நாணம் உண்டாவதைத் தவிரப் பிள்ளைக்கு நன்மை குறைவு.

இவ்வளவு நன்மையிருந்தும் ஏன் வருவதில்லை என்ற கேள்விக்குத் தாய்மாரின் நாளையே முதலிற் பார்க்க வேண்டும். காலையிற் பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுக்க வேண்டும். றப்பர்த் தோட்டமாயின் பால் வெட்டு வெயில் ஏறுமுன் முடிய வேண்டும். கிளினிக் நடைபெறுவதும் அதே காலையில். குறித்த நிறைக் கொழுந்து இல்லையேல் முழுப்பேர் கிடையாது, அரைப்பேரே விழும். தேயிலைத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும் 2024 செப்ரெம்பரில் 1350 ரூபாவாகவும் ஆக்கப்பட்டது. கிளினிக்குக்குப் போகும் நாளில் அதில் பாதியோ முழுவதுமோ போகிறது. பேருந்துக் கட்டணம் வேறு. மாதம் ஒருமுறை இதனைச் செய் என்பது, மாதம் ஒரு நாளைய சோற்றை விட்டுக்கொடு என்பதற்கு ஒப்பாகும். நோய் வந்த நாளில் அவள் விட்டுக்கொடுக்கிறாள். நோயில்லாத நாளில் அதே சோற்றை அந்தப் பிள்ளைக்கே ஊட்டலாமே என்று எண்ணுகிறாள். அவள் கணக்கில் பிழை காண்பது கடினம்.

தந்தைமார் எங்கே என்று கேட்கலாம். அவர்களுள் பலர் மாணிக்கக் குழியிலோ கொழும்பிலோ இருக்கின்றனர். ஊரில் இருப்போரும் கிளினிக்கைப் பெண்கள் காரியமென்று விட்டுவிடுகின்றனர்.

பணத்துக்கு அப்பாலும் ஒன்று இருக்கிறது. தராசு என்ற பொருள் தோட்டத்துப் பெண்ணுக்குப் புதிதன்று. நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை அவள் தராசின் முன்னே நிற்கிறாள். ஈரக் கொழுந்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோக்கணக்கில் கழிவு போடப்படுவதைப் பார்த்து நிற்கிறாள். தராசின் முன்னே வாய் திறந்தால் ஏச்சு விழும். அதே பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு தராசின் முன்னே நிற்கும்போது, அங்கேயும் நிறை குறைவென்று கூறப்பட்டு, என்ன சாப்பாடு கொடுக்கிறாய் என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கப்பட்டால், அடுத்த மாதம் அவள் ஏன் வர வேண்டும்? நிறை குறைந்த பிள்ளையின் தாயே முதலில் வராமற்போகிறாள். எவரை அழைக்கத் தராசு வைக்கப்பட்டதோ அவரையே அது துரத்திவிடுகிறது. ஏச்சும் பெரும்பாலும் அவளுக்கு முழுதும் விளங்காத மொழியில் வருகிறது. சப்ரகமுவையில் மருத்துவ மாதர் பெரும்பாலோர் சிங்களம் பேசுவோர். அவர்களுள் இரக்கமும் உழைப்பும் மிக்கோர் பலர் உளர். தமிழில் நாலு வார்த்தை கற்று, தாயின் பெயர் சொல்லி அழைப்போரும் உளர். எனினும், கோடு ஏன் படுத்துவிட்டது, ஆறு மாதப் பிள்ளைக்குக் கீரையையும் முட்டையையும் எப்படி மசித்துக் கொடுப்பது என்பதை அரைகுறை மொழியிலே விளக்குதல் இயலாது.

இன்னும் ஆழமான காரணமொன்றும் இருத்தல் கூடும். வேலைக்கு வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் தாய்மார் போவதனால், தோட்டங்களில் இன்று பிள்ளைகளை வளர்ப்போர் பெரும்பாலும் பாட்டிமார். அப்பாட்டியின் தாயும் தந்தையும் இந்நாட்டுக்கு வந்தபோது கண்ட முதல் மருத்துவப் பரிசோதனை, இராமேசுவரத்துக்கு அண்மையிலுள்ள மண்டபம் முகாமில் நடந்ததாகும். அங்கே சில நாள் அடைத்துவைத்து, அம்மை குத்தி, உடைகளை அவித்துத்தான் கப்பலேற்றினர். தோட்டத்துக்கு வந்தபின் கொழுக்கிப்புழு மருந்து. ரொக்பெல்லர் நிறுவனத்தார் 1916ஆம் ஆண்டில் மாத்தளைத் தோட்டங்களில் அவ்வேலையைத் தொடங்கினர். குமட்டலும் தலைச்சுற்றலும் தரும் எண்ணெயைக் குடிக்கச் செய்தனர். புழு வெளியேறியது, மலசலகூடமில்லாத தோட்டத்தில் அது மீண்டும் காலின் வழியே ஏறியது. மருந்தை மட்டும் கொடுத்துப் பயனில்லை, ஊரின் சுகாதாரத்தையே சீர்ப்படுத்த வேண்டுமென்று அவர்கள் கற்றுக்கொண்ட பாடந்தான் பின்னர் களுத்துறைச் சுகாதாரப் பிரிவுக்கு வித்திட்டவற்றுள் ஒன்று. தொழிலாளி கற்றுக்கொண்ட பாடம் வேறு: துரைத்தனத்தாரின் பரிசோதனை, வேலைக்கு ஆகும் உடம்பா என்று பார்ப்பதற்கே என்பது.

பாட்டியின் சொந்த இளமையிலோ பதிவேடு என்ற சொல்லே நடுக்கம் தந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் குடியுரிமை இழந்து, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி யார் இங்கே, யார் இந்தியாவுக்கு என்று பெயர் பெயராகப் பிரிக்கப்பட்ட காலம் அது. ஏட்டிலே பெயர் எழுதப்பட்டதனால் அண்ணன் போனான், தங்கை நின்றாள். அவ்வாறு வளர்ந்த ஒருத்தி, பேரப்பிள்ளையின் பெயரை எழுத வரும் உத்தியோகத்தரைக் கண்டு சற்று ஒதுங்கி நின்றால் அதனை அறியாமையென்று சொல்லலாகாது. இன்று அந்தச் சட்டச் சிக்கல்கள் தீர்ந்துவிட்டன. அச்சம் அவ்வளவு விரைவில் தீர்வதில்லை.

தராசுக்கு மக்கள் வருவார்களா என்பதற்கு நல்ல விடை தமிழ்நாட்டில் கிடைத்தது. 1980ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்தில் தொடங்கி, ஆறு மாவட்டங்களில் நடத்தப்பட்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அது. 1982இல் எம். ஜி. ஆர். அரசு விரிவாகத் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. அது எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு கொடுத்தது. இதுவோ ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதந்தோறும் நிறுத்து, கோடு தளர்ந்த பிள்ளைக்கு மட்டும், உடனே, ஏறத்தாழ மூன்று மாதம் மேலதிக உணவு கொடுத்தது. நிறை கூடியதும் உணவு நிறுத்தப்பட்டது. நிறுத்தவர் அதே ஊர்ப் பெண். அவளுடைய பிள்ளையும் அதே தராசில் ஏறியது. தாய்மார் வந்தனர். ஏனெனில் அங்கே எண்ணுக்குப் பின்னால் ஒரு கவளம் இருந்தது.

இலங்கையில் அந்தக் கவளத்தின் பெயர் திரிபோஷா. 1973இல் தொடங்கப்பட்ட இம்மாவுணவு, நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இலவசமாக வழங்கப்படுகிறது. கிளினிக்குக்கு வருவதற்கு அதுவும் ஒரு கவர்ச்சியாக இருந்து வந்தது. 2020இல் கொரோனாத் தொற்றினால் கிளினிக்குகள் தடைப்பட்டன. 2022இல் பொருளாதாரம் வீழ்ந்தபோது சோளம் போதாமையால் திரிபோஷா உற்பத்தியே தடைப்பட்டது. மழையில் நனைந்து மேட்டிலிருந்து இறங்கி வந்த தாய் வெறுங்கையோடு திரும்பினாள். தராசு அன்றும் தன் எண்ணைச் சரியாகவே காட்டியது. பழக்கம் ஒருமுறை விட்டுப்போனால் மீண்டும் ஒட்டவைப்பது பெருவேலை. உணவு வந்துவிட்டதென்று அறிவித்தாற் போதாது.

செய்யத்தக்கவை தோட்டங்களுக்குள்ளேயே இருக்கின்றன. முன்பு பிள்ளைமடுவம் என்று வழங்கி, இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம் எனப்படும் இடத்தில் வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்கின்றனர். அங்குள்ள பொறுப்பாளர் மாதந்தோறும் நிறை பார்த்துக் குறிக்கும் ஏற்பாடு பல தோட்டங்களில் உண்டு. தாய்க்கு அரைப்பேர் போவதில்லை, பேருந்து வேண்டியதில்லை, பேசுவது தமிழ். இவ்வளவு நல்ல ஏற்பாட்டில் விடுபடுவோர், மடுவத்துக்கு அனுப்பப்படாமல் லயத்திலேயே பாட்டியிடம் இருக்கும் பிள்ளைகள். ஆகவே பாட்டியையும் மடுவத்துக்கு அழைப்பதுதான் முதல் வேலை. நிறையை உரத்துச் சொல்லாமல் தாயின் காதுக்கு மட்டும் சொல்வதற்குச் செலவு ஏதுமில்லை. கிளினிக் நாளுக்கு முழுப்பேர் போடுவதற்குத் தோட்ட நிருவாகம் இசையுமாயின் அது பெரிய உதவி. மாதத்தில் ஒரு நாட் கொழுந்தை இழப்பதாற் கம்பனி முழுகிவிடாது. மருத்துவ மாது அரசாங்கத்தின் உத்தியோகத்தர், மடுவத்துப் பொறுப்பாளர் தோட்டத்தின் ஊழியர் என்று இரு எசமானர் இருப்பதனால், ஒருவர் எழுதிய எண் மற்றவர் கையிற் சேராமற்போவதும் உண்டு. இருவரும் ஒரே பதிவேட்டைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

அந்தப் பதிவேடு தொலைந்துபோவதுதான் வராமைக்குத் தாய்மார் கூறாத காரணம். லயத்துக் கூரை ஒழுகுகிறது. 2017 மே மாத வெள்ளத்தைப் போன்ற நாட்களில் இரத்தினபுரி மாவட்டத்தில் வீடே போனவர்களும் உண்டு. சில வேளை மூத்த பிள்ளை அதில் படம் வரைந்துவிடுகிறது. புத்தகமில்லாமல் போனால் ஏச்சு விழுமென்று அஞ்சி ஒரு மாதம் தவிர்த்தவள், இரண்டாம் மாதம் இரட்டிப்பு ஏச்சுக்கு அஞ்சுகிறாள். பிள்ளையின் பிறப்பும் பெற்ற ஊசிகளும் மருத்துவ மாதின் பதிவேட்டிலும் எழுதப்பட்டிருக்கின்றன. புத்தகம் தொலைந்துவிட்டதென்று சொன்னால் புதிய புத்தகத்தில் அவற்றைப் பார்த்து எழுதித் தருவார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாற் போதும்.